உல்யானா எழும் வரை

முத்தளம் ஊரில் உப்பு விளைகிற பெரிய பாத்தி உறைந்துபோனது ஒரு சித்திரை மாதத்தில், வெயில் மண்டையைப் பிளக்கிற நாளில். அதற்காக ஊரில் யாரும் வாயைப் பிளந்துகொண்டு நின்றுவிடவில்லை. தண்ணீர் கெட்டியாவதைப் பிறந்த நாள் முதல் பார்த்து வருகிற உப்பளத்து ஜனங்களுக்கு, அது உப்பாகக் கெட்டியானால் என்ன, பனியாகக் கெட்டியானால் என்ன. பயந்தவள் ஒருத்திதான். அவள் பெயர் சந்தனமாரி. அந்தப் பனி யாரைக் கொண்டுபோக வந்திருக்கிறது என்று அவளுக்கு மட்டும் தெரியும்.

சந்தனமாரியை அந்தப் பக்கத்தில் தெரியாதவர் கிடையாது. கோவில் கொடைத் திருவிழாக்களில் நாடகம் நடிக்கிறவள். அந்த நாடகங்களில் தர்க்கம் என்று ஒரு கட்டம் வரும். ஆணும் பெண்ணும் எதிரெதிரே நின்று, கையில் எழுத்து ஒன்றும் இல்லாமல், வாய்க்கு வந்ததை வைத்தே ஒருவரை ஒருவர் மடக்க வேண்டும். அந்தக் கட்டத்தில் சந்தனமாரியின் வாயில் விழுந்து எழுந்தவன் எவனும் இல்லை, எத்தனையோ பெரிய ராஜபார்ட்டுகள் அவளிடம் மாட்டிக்கொண்டு, சுருதி தப்பி, ஆர்மோனியக்காரரைத் திட்டிவிட்டு உள்ளே ஓடியிருக்கிறார்கள். அவள் புருஷன் லிங்கதுரையோ அதே மேடையில் கடைசியில் வேல் பிடித்து நிற்கிற காவலாளி. ராத்திரி முழுக்க நின்று, "மன்னர் வருகிறார்" என்று ஒரு வசனம் சொல்லுவார், அவ்வளவுதான் அவர் பங்கு. பெண்டாட்டிக்கு ஜனங்கள் கை தட்டும்போது வேலைப் பிடித்தபடியே முகமெல்லாம் சிரிப்பாக நிற்பார். அப்படியாப்பட்ட மனுஷன். அவரை அவள் உயிராக வைத்திருந்தாள், அதை நாலு பேர் முன்னால் சொல்லிக்கொள்ள அவள் வெட்கப்பட்டதும் இல்லை.

இவர்களைத் தேடித்தான் கமலநாதன் வந்தார். ரஷ்யாவில் பல வருஷம் நாடகம் படித்தவர், வற்றின முகம், சிரிக்காத வாய். கொடை மேடையில் நடிக்கிறவர்களை வைத்து ரஷ்யாவின் பழைய நாடகம் ஒன்றைப் போட வேண்டும் என்று நகரத்தில் ஒரு சபை அவரை அனுப்பியிருந்தது. ஊர் அவருக்கு "ரஷ்யா சார்" என்று பெயர் வைத்தது. அளத்தின் ஓரத்தில் உப்பு மூட்டை அடுக்குகிற கிட்டங்கி ஒன்று காலியாகக் கிடந்தது, அதைப் பிடித்து, எல்லாரையும் வரிசையாக நிற்கவைத்து, ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே வந்தவர், கடைசியில் நின்ற லிங்கதுரை முன்னால் போய் நின்றுவிட்டார்.

"இவர்தான் கதாநாயகன்," என்றார். "மத்தவங்க எல்லாரும் நடிக்கிறீங்க. இவர் ஒருத்தர்தான் சும்மா நிக்கிறார்."

பபூன் வேஷம் கட்டுகிற சுடலைமுத்து சத்தமாகச் சிரித்துவிட்டான். லிங்கதுரைக்குக் கண்ணில் தண்ணீர் நின்றது.

நாடகத்தின் கதை பெரிய கதையெல்லாம் இல்லை. உறைந்த ஆற்றின் கரையில் ஒரு வீடு. வீட்டுக்காரி உல்யானா, அவள் புருஷன் தெரெந்தி, ஒரு கிழ வேலைக்காரன். அக்கரையில் தெரெந்தியின் தம்பி இருக்கிறான், பேச்சுவார்த்தை அற்றுப்போய் வெகுகாலம். குளிர்காலம் முடியப்போகிற நேரத்தில் ஒருநாள் தெரெந்திக்குத் தம்பியைப் பார்க்க வேண்டும் என்று தோன்றிவிடுகிறது, எல்லாரும் தடுத்தும் கேட்காமல் பனிமேல் நடந்து போகிறான், உல்யானா ஜன்னலில் நிற்கிறாள், தூரத்தில் பனி உடைகிற சத்தம் கேட்கிறது, திரை. சந்தனமாரிக்கு உல்யானா, சுடலைமுத்துவுக்குக் கிழ வேலைக்காரன், லிங்கதுரைக்குத் தெரெந்தி என்று ஆயிற்று.

பயிற்சி என்றால் அவர்கள் அதுவரை கண்டதெல்லாம் பாட்டுப் பாடிப் பார்ப்பதுதான். ரஷ்யா சார் பாட்டை எடுத்துவிட்டார், தாளத்தை எடுத்துவிட்டார், முகத்துக்குப் போடுகிற அரிதாரத்தையும் எடுத்துவிட்டார். நெற்றியில் திருநீறுகூட வேண்டாம், வெறும் முகத்தோடு வாருங்கள் என்றார். காலையில் எல்லாரையும் வற்றின ஒரு பாத்திக்கு இறக்கி, வெள்ளையாக உப்புப் படிந்திருந்த பொருக்கின்மேல் நடக்கவிட்டார். "இது ஆறு. கீழே ஆழம். பாதத்தை முதல்ல வைங்க, பாரத்தை அப்புறம் வைங்க, காது கீழேயே இருக்கணும்," என்று வரப்பில் நின்று சொல்லிக்கொண்டே இருப்பார். சாக்கிலும் பழைய கம்பளியிலும் தைத்த கோட்டைப் போட்டுக்கொண்டு, சித்திரை வெயிலில், வேர்வை உப்பு முதுகில் பூக்க, அவர்கள் நடப்பதைப் பார்த்து அளத்தில் உப்பு வாரிக்கொண்டிருந்த பொம்பளைகள் வாருபலகையைப் போட்டுவிட்டுச் சிரித்தார்கள். கொஞ்ச நாளில் அந்தப் பொம்பளைகளின் நடையும் அப்படியே மாறிப்போனது, அது யாருக்கும் தெரியவில்லை.

ஒருநாள் ஒவ்வொருவரையும் கண்ணை மூடச் சொல்லி, "குளிர்னா உங்களுக்கு என்ன ஞாபகம் வருது?" என்று கேட்டார்.

சுடலைமுத்து குச்சி ஐஸ் என்றான். சந்தனமாரி மார்கழிக் குளியல் என்றாள். லிங்கதுரை கண்ணைத் திறக்காமலே, "ஐஸ் பெட்டி சார்," என்றார். "எங்க அப்பாவைக் கிடத்தியிருந்த ஐஸ் பெட்டி. கண்ணாடியில கன்னத்தை வச்சுக் கேட்டுக்கிட்டே இருந்தேன், உள்ள அவர் மூச்சு விடுதாரான்னு."

"அங்கேயே இருங்க," என்றார் ரஷ்யா சார், மெதுவாக. "வெளியே வராதீங்க. வீட்டுக்குப் போனாலும் அங்கேயே இருங்க."

இதெல்லாம் ஒரு மனுஷனிடம் சொல்கிற பேச்சா?

அப்புறம் அந்த உட்காருகிற கட்டம். தெரெந்தி கிளம்புவதற்கு முன்னால் மேடையில் எல்லாரும் நாற்காலியில் உட்கார வேண்டும் என்றார் ரஷ்யா சார். "அந்த ஊர்ல யாராவது தூரம் கிளம்பினா, வீட்டில இருக்கிறவங்க எல்லாரும் கொஞ்ச நேரம் சும்மா உட்காருவாங்க. பேசக் கூடாது. வீட்டுக்காரி எழுந்த பிறகுதான் கிளம்புறவர் எழணும்."

"நம்ம ஊர்லயும் உண்டுல்லா சார்," என்றான் சுடலைமுத்து. "பூனை குறுக்க போனாலோ, யாராவது ஒத்தத் தும்மல் போட்டாலோ, உக்காந்து ஒரு செம்பு தண்ணி குடிச்சிட்டுத்தான் போவோம்."

"அது கெட்ட சகுனத்துக்கு. இது எல்லாப் பயணத்துக்கும்."

"அப்பம் அவுகளுக்கு எல்லாப் பயணமும் கெட்ட சகுனந்தானாக்கும்."

எல்லாரும் சிரித்தார்கள். லிங்கதுரை சிரிக்கவில்லை. அவர் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்றிலிருந்து அவர் வீட்டில் வேறு ஆளாகப் போனார். சோற்றைப் பிசைவார், வாய்க்குக் கொண்டுபோக மறந்துவிடுவார். பக்கத்தில் படுத்தால் உடம்பு மண்பானை மாதிரி சில்லென்று இருந்தது. காலையில் வாசலில் நின்று "போறேன்" என்று சொல்லிவிட்டு இறங்குவார்.

"என்னங்க அது, போறேன்னுக்கிட்டு? வாரேன்னு சொல்லுங்க."

"வசனத்துல அது இல்லையே, மாரி."

"இது வீடுங்க. மேடை இல்ல."

"அது எங்க முடியுது, இது எங்க தொடங்குதுன்னு எனக்கு இப்பம் தெரியல," என்றார் அவர், பச்சைப்பிள்ளை வழி கேட்கிற குரலில்.

அவள் அவரைப் பிடித்து உட்காரவைத்தாள். நாடகம் முடிந்ததும் அரிதாரத்தைக் கலைக்கத் தேங்காய் எண்ணெய் தடவித் துணியால் துடைப்பார்கள். துணியில் ராஜாவும் மந்திரியும் சிவப்பும் பச்சையுமாக ஒட்டிக்கொண்டு வந்துவிட, உள்ளே இருக்கிறவன் வீட்டுக்குப் போவான். அதே மாதிரி கை நிறைய எண்ணெய் எடுத்து அவர் முகம் முழுக்கத் தேய்த்தாள், நெற்றி, மூக்கு, காது மடல் ஒன்றையும் விடவில்லை, தேய்த்துத் தேய்த்து வெள்ளைத் துணியால் துடைத்துப் பார்த்தாள். துணி வெள்ளையாகவே இருந்தது. வெறும் முகத்தில் போட்ட வேஷத்தை எதைக்கொண்டு கலைப்பது?

"விட்டுருங்க இந்த நாடகத்தை. காய்ச்சல்னு சொல்லிப் படுத்துக்கிடுங்க. நான் பேசிக்கிடுதேன் அந்த ஆளுகிட்ட."

லிங்கதுரை அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "இத்தனை வருஷமா வேலைப் பிடிச்சிட்டு நின்னேன், ஒருத்தரும் என் மூஞ்சியைப் பாக்கல. இப்பம் பாக்காங்க, மாரி."

ஊரையே மடக்குகிறவள்தான், ஆனாலும் அதற்கு மேல் அவரிடம் வாதாட அவளுக்கு மனசு வரவில்லை.

ரஷ்யா சாரிடம் போனாள். "கடைசியை மட்டும் மாத்துங்க சார். பனி உடையல, தம்பியையும் கூட்டிக்கிட்டு அவர் திரும்பி வந்துட்டார்னு வைங்க. எங்க நாடகத்துல ஊருக்கு ஊர் மாத்துவோம், யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

"உங்க நாடகத்தில செத்தவன் காலையில டீ குடிப்பான்," என்றார் அவர். "என் நாடகத்தில செத்தா செத்ததுதான்."

மறுநாள் விடிந்தபோது பெரிய பாத்தி உறைந்திருந்தது.

கிட்டங்கியின் பின்கதவைத் திறந்தால் பெரிய பாத்திதான். முழங்காலுக்குக் கீழே தண்ணீர் நிற்கிற அந்தப் பாத்தி, கரைக்குக் கரை கண்ணாடியாகக் கிடந்தது, மேலே வெயில், கீழே பனி, நடுவில் ஆவி. முதலில் வந்தவர்கள் மீன்காரர்கள். கடப்பாரையால் நாலு கட்டி பெயர்த்துப் பெட்டியில் போட்டுக்கொண்டு, நல்ல ஐஸ், சீக்கிரம் கரையாது என்று சொல்லிவிட்டுப் போனார்கள். டீக்கடைக்காரர் அன்றைக்கே சர்பத் போட ஆரம்பித்தார். ஐஸ் கம்பெனி வைத்திருக்கிறவர் மோட்டார் சைக்கிளில் வந்து, வரப்பில் நின்று முறைத்துப் பார்த்துவிட்டு, யாரிடம் சண்டை போடுவது என்று தெரியாமல் திரும்பிப் போனார். ஓர் அதிகாரி வந்து, இதற்கு யாரிடம் அனுமதி வாங்கினீர்கள் என்று கேட்டார். கடலுக்கு யார் அனுமதி கொடுத்தார்களோ அவர்கள்தான் என்று அளத்து முதலாளி சொன்னார், அதிகாரி ஒரு சர்பத்தைக் குடித்துவிட்டுக் கிளம்பினார். உப்புநீரில் வெடித்துப் பிளந்த பாதங்களோடு மத்தியான வேளையில் வாருகிற பொம்பளைகள் அந்தப் பனிமேல் வந்து நின்று, "ஐயோ, அம்மா, சொகமா இருக்கே" என்று கண்ணை மூடிக்கொண்டார்கள். அந்த வாரத்தில் பிறந்த ஒரு பெண் குழந்தைக்குப் பனிமலர் என்றுகூடப் பெயர் வைத்தாயிற்று. இப்படியாக ஊர் அந்தப் பனியை மருமகளாக வீட்டுக்குள் கூட்டிக்கொண்டது.

ஆனால் நாய்கள் அதில் கால் வைக்கவில்லை. வரப்போடு நின்று, அடித்தொண்டையில் ஊளையிட்டுவிட்டுத் திரும்பிவிடும். பொழுது சாயும்போது அடியிலிருந்து 'டக்' என்று ஒரு சத்தம் வரும், யாரோ கீழே இருந்து விரலை மடக்கித் தட்டுகிற மாதிரி. முழங்கால் தண்ணீருக்கு அடியில் யார் இருந்து தட்டுவார்கள்? சத்தம் கேட்டதும் ஜனங்கள் விளக்கேற்றப் போவார்கள். சந்தனமாரி மட்டும் தன் புருஷன் எங்கே என்று தேடுவாள். அவர் பாத்தியின் நடுவில் நடந்துகொண்டிருப்பார். மற்றவர்கள் எல்லாம் வழுக்கி விழுந்தார்கள். அவர் விழவே இல்லை. அந்த வெயிலில் அவர் வாயிலிருந்து புகையாக மூச்சு வந்தது.

நாடகம் நடந்த அன்று ஊரே கிட்டங்கிக்குள் வந்து உட்கார்ந்தது. பின்கதவுதான் மேடையின் கதவு, திறந்தால் நிஜப் பனி. அதைவிட நல்ல காட்சி எந்தச் சபைக்குக் கிடைக்கும் என்று ரஷ்யா சார் முதல் தடவையாகச் சிரித்தார். லிங்கதுரை நடித்தார் என்று சொன்னால் நாக்கு அழுகிவிடும். அவர் அங்கே இருந்தார், அவ்வளவுதான், அவர் ஒரு டம்ளரை எடுத்து வைத்தால் ஜனங்கள் முன்னால் சாய்ந்து பார்த்தார்கள். ஊர் முழுக்க அவர் முகத்தையே பார்த்தது. சந்தனமாரியும் பார்த்தாள். பெருமையும் பயமும் சேர்ந்து வந்தால் அழுகைதான் வரும் போலிருக்கிறது, அவள் அழுதாள், அது உல்யானாவின் அழுகை என்று ஜனங்கள் நினைத்துக்கொண்டார்கள்.

கடைசிக் கட்டம் வந்தது. மூன்று பேரும் உட்கார்ந்தார்கள். பேச்சில்லை. உல்யானா எழ வேண்டும். தெரெந்தி எழ வேண்டும். தொப்பியை மாட்டிக்கொண்டு "போகிறேன், உல்யானா" என்று சொல்லிக் கதவைத் திறக்க வேண்டும்.

உல்யானா எழவில்லை.

கொஞ்ச நேரம் ஆயிற்று. ஜனங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்கள். இன்னும் கொஞ்ச நேரம் ஆயிற்று; ஒருத்தர் இருமினார். ரஷ்யா சார் திரை மறைவிலிருந்து, "எழுங்க," என்று பல்லைக் கடித்தார். சந்தனமாரி நாற்காலியின் இரண்டு கைகளையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, புருஷனைப் பார்த்தபடியே இருந்தாள். வீட்டுக்காரி எழாமல் கிளம்புகிறவன் எழக்கூடாது. அதைச் சொல்லிக் கொடுத்தது ரஷ்யா சார்தானே! வாய் பேசியே பெயர் வாங்கினவள், தன் வாழ்க்கையிலேயே பெரிய தர்க்கத்தை அன்றைக்கு வாயைத் திறக்காமல் செய்துகொண்டிருந்தாள். லிங்கதுரையின் கை தொப்பிமேல் இருந்தது. கண் கதவின்மேல் இருந்தது. ஆனாலும் அவர் எழவில்லை, எழ முடியவில்லை.

முதலில் எழுந்து ஓடினவன் சுடலைமுத்துதான். "மன்னிச்சுக்கோ தாயி, எனக்குச் சர்க்கரை," என்று சொல்லிவிட்டு வேட்டியைப் பிடித்துக்கொண்டு ஓடினான். அதற்கப்புறம் ஜனங்களும் ஒவ்வொருவராக வீட்டுக்குப் போய், சாப்பிட்டு, தூங்கி, காலையில் திரும்பி வந்து பார்த்தார்கள். அவள் அப்படியே இருந்தாள், அவர் அப்படியே இருந்தார். விஷயம் மெள்ள மெள்ள ஊருக்குப் புரிந்தது. புரிந்ததும் யாரும் ஏன், எதற்கு என்று கேட்கவில்லை. அளத்துப் பொம்பளைகள் முறை வைத்துக்கொண்டு இட்லியும் பழைய சோற்று நீச்சத்தண்ணியும் கொண்டுவந்து இரண்டு பேருக்கும் ஊட்டினார்கள். மற்றத் தேவைகளுக்குச் சேலையை மறைப்பாகப் பிடித்துக்கொண்டு, அவளைப் பொம்பளைகளும் அவரை ஆம்பளைகளுமாக நாற்காலியோடு தூக்கிக்கொண்டு போய் நாற்காலியோடு திரும்பக் கொண்டுவந்து வைத்தார்கள். "அம்மன் சப்பரம் கெட்டுது போ," என்று சிரித்தார்கள், சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். ரஷ்யா சார் கத்திப் பார்த்தார், கெஞ்சிப் பார்த்தார், கடைசியில் ஒரு மூலையில் ஸ்டூலைப் போட்டு, கதவைப் பார்த்தபடி அவரும் காத்திருக்க ஆரம்பித்தார்.

இப்படி நாட்கள் போகப் போக பனி மெலிய ஆரம்பித்தது. கத்திரி வெயில் பிறந்துவிட்டதல்லவா. ஓரமெல்லாம் தண்ணீராகி, நடுவில் மட்டும் ஒரு தகடாக நின்றது, 'டக்' சத்தம் இப்போது பகலிலும் கேட்டது. "இன்னும் ஒரு நாள் தாங்கு மதினி," என்றார்கள் பொம்பளைகள். "நாளைக்குப் பூராவும் தண்ணியாயிரும். அப்புறம் அண்ணாச்சி எங்க போயிருவாக, முழங்கால் தண்ணியில?" லிங்கதுரையின் வாயிலிருந்து வருகிற புகையும் குறைந்திருந்தது. அன்றைக்குக் காலையில், ஊட்டின இட்லியை மென்றுகொண்டே, அவர் அவளைப் பார்த்து, "உப்புப் பத்தல," என்றார். தன் சொந்தக் குரலில் சொன்னார். சந்தனமாரி அவரைப் பார்த்துச் சிரித்தாள். ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தாள்.

அன்றைக்குத்தான் அளத்தம்மன் கொடை.

தர்மகர்த்தா ஆதிலிங்கம் நல்ல மனுஷர், அவரைக் குறை சொல்லக் கூடாது. ஊருக்காரி ஒருத்தி தாலியைக் காப்பாற்ற இப்படி உட்கார்ந்திருக்கும்போது, அம்மன் தெருவோடு போனால் நன்றாகவா இருக்கும்? "சப்பரத்தைக் கிட்டங்கிக்குத் திருப்புங்கப்பா, தாயி வந்து அவளுக்கு ஒரு பலம் கொடுக்கட்டும்," என்றார். ஊரே ஆமாம் என்றது. அளத்துப் பொம்பளைகள் ஓடிப்போய்க் கிட்டங்கியின் முன்கதவை அகலத் திறந்துவைத்தார்கள்.

மேளம் திரும்புகிற சத்தம் சந்தனமாரிக்குக் கேட்டது. எங்கே வருகிறது என்று முதலில் புரியவில்லை. குலவைச் சத்தம் கிட்டே வர வரப் புரிந்தது. "வேண்டாம்," என்றாள், அத்தனை நாளில் அவள் பேசின முதல் வார்த்தை. "திருப்புங்க. ஏ அண்ணாச்சி, திருப்பச் சொல்லுங்க! வேண்டாம்!" உருமியும் தவிலும் முழங்குகிற முழக்கத்தில் அவள் குரல் யார் காதில் விழும்? ஆர்மோனியத்தை அமுக்குகிற குரல், அன்றைக்கு அவள் காதுக்கே எட்டவில்லை.

சப்பரம் உள்ளே வந்தது. மஞ்சளும் பூவும் மணக்க, வெள்ளிக் கண்மலரோடு, கற்பூரம் சுற்ற, அளத்தம்மன் அவள் முகத்துக்கு நேரே வந்து நின்றாள். கிட்டங்கியில் இருந்த அத்தனை பேரும் கையைக் குவித்துக் கண்ணை மூடினார்கள். அம்மன் வந்து நிற்கும்போது உட்கார்ந்திருக்க யாரால் முடியும்? இடுப்பில் இருந்த நாளிலேயே அம்மா கையைப் பிடித்துக் கும்பிட வைத்தாளே, எந்திரி, சாமி வருது எந்திரி என்று தூக்கத்தில் எழுப்பி நிற்கவைத்தாளே, அந்தக் கால் அது. நாற்காலியைப் பிடித்திருந்த கை தானாக விட்டது. தானாகக் குவிந்தது.

சந்தனமாரி எழுந்து நின்றாள்.

அவள் முதுகுக்குப் பின்னால் ஒரு நாற்காலி கிறீச்சிட்டது. "போகிறேன், உல்யானா," என்று ஒரு குரல், அழுத்தம் திருத்தமாக, எழுத்து எழுத்தாகச் சொன்னது. அவள் திரும்பினாள். கூட்டமும் சப்பரமும் நடுவில். இடித்துத் தள்ளிக்கொண்டு, "ஏங்க, ஏங்க, வாரேன்னு சொல்லுங்க," என்று அலறிக்கொண்டு அவள் பின்கதவுக்குப் போவதற்குள் அந்தச் சத்தம் கேட்டது. இந்தத் தடவை தட்டுகிற சத்தம் இல்லை.

ஜனங்கள் கண் திறந்து பார்த்தபோது பெரிய பாத்தி முழுக்கத் தண்ணீராக இருந்தது. ஆண்கள் எல்லாரும் இறங்கி, கையைக் கோத்துக்கொண்டு, கரைக்குக் கரை துழாவினார்கள். தண்ணீர் ஒருத்தருக்கும் முழங்காலைத் தாண்டவில்லை. தொப்பி மட்டும் கிடைத்தது. அம்மனைக் கும்பிடக் கண்ணை மூடாத ஆள் அங்கே ரஷ்யா சார் ஒருத்தர்தான், அதனால் லிங்கதுரை போனதைப் பார்த்தவரும் அவர் ஒருத்தர்தான். என்ன பார்த்தீர் என்று சட்டையைப் பிடித்துக் கேட்டதற்கு, அந்த ஆள் கண்ணில் தண்ணீரோடு, "இன்னைக்குத்தான் சரியா நடந்தார்," என்றார். அவரை அடிக்கக்கூட யாருக்கும் கை வரவில்லை.

பாத்தியில் மறுபடி உப்பு வாருகிறார்கள், மீன்காரர்கள் மறுபடி ஐஸ் கம்பெனிக்குப் போகிறார்கள், பனிமலர் பள்ளிக்கூடம் போகிறாள். சந்தனமாரி நாடகத்துக்குப் போவதில்லை. அந்த நாற்காலியை வீட்டு வாசலில் போட்டிருக்கிறாள். வருஷா வருஷம் கொடைக்குச் சப்பரம் அந்தத் தெருவில் வரும்போது கைக்குழந்தை முதல் எல்லாரும் எழுந்து நிற்பார்கள், அவள் மட்டும் எழ மாட்டாள். இரண்டு கையாலும் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு அம்மனை நேருக்கு நேர் பார்த்தபடி உட்கார்ந்திருப்பாள். அவளை எழச் சொல்லி யாரும் சொல்வதில்லை. சப்பரம் தூக்குகிறவர்கள் அவள் வாசலில் மேளத்தை நிறுத்தச் சொல்லிவிட்டு, அம்மனைத் தோளிலிருந்து இறக்கி அவளுக்கு எதிரே தரையில் வைப்பார்கள். அவள் முகத்தைத் திருப்பிக்கொள்கிற வரைக்கும் அம்மன் அங்கேயே இருப்பாள்.